வியாழக்கிழமைகளில் தேடிய கால்கள்

வேலையை விட்டு வந்த பிறகும் வியாழக்கிழமை விடிந்தால் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்வதில்லை. தோசைக்கல் காய்கிறது, கால் வாசலுக்குப் போகிறது. துணியை அலசுகிறேன், மனசு செங்கம் ரோட்டில் ஓடுகிறது. "எங்கேயாவது போயிட்டு வாயேன். வீட்டுக்குள்ளயே நடந்து தரையைத் தேய்க்காதே" என்று என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்வார். போவதற்கு இடம் இல்லாமல் இல்லை. தேடுவதற்குத்தான் ஒன்றும் இல்லை.

போன மாதம் ஒரு கையெழுத்துக்காக வேங்கிக்கால் சுகாதார அலுவலகத்துக்குப் போயிருந்தேன். கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. வாராந்திர நோய் அறிக்கை இப்போது அதன் வழியாகத்தான் போகிறதாம். புதிதாகச் சேர்ந்த செவிலியர் பெண் ஒருத்தி வரிசையாகப் பூஜ்யங்களைத் தட்டிக்கொண்டிருந்தாள். தகரக் கூரையில் தூறல் விழுகிற மாதிரி சத்தம். "மேடம், இதெல்லாம் இல்லாம நீங்கல்லாம் எப்படி மேடம் சமாளிச்சீங்க? எழுதிக் குடுங்களேன், நம்ம நர்ஸ் சங்க மலர்ல போடறோம்" என்றாள். அவள் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். நானும் திரையைப் பார்த்துக்கொண்டே சரி என்றேன். வீட்டுக்கு வந்தும் அந்தப் பூஜ்யங்கள் கண்ணை விட்டுப் போகவில்லை. இவள் இதில் எத்தனையை நேரில் போய்ப் பார்த்திருப்பாள்?

வேலூரில் பயிற்சி. பிரசவம், தையல், தடுப்பூசி, விடுதிச் சாம்பார். அதைப் பற்றி இவ்வளவு போதும். எண்பத்தொன்பதில் வட ஆற்காடு பிரிந்து திருவண்ணாமலை தனி மாவட்டமான சமயத்தில் வேலையில் சேர்ந்தேன். புது மாவட்டத்துக்கு நாற்காலிகள் இன்னும் வரவில்லை. நோய்கள் மட்டும் பழைய மாவட்டத்திலிருந்து ஒழுங்காகப் பிரிந்து வந்து சேர்ந்துவிட்டன.

அந்த நாளில் அறிக்கை என்றால் ஒரே இங்கிலீஷ் வார்த்தைதான்: நில், அதாவது ஒன்றும் இல்லை. வாந்திபேதி நில், தட்டம்மை நில், இளம்பிள்ளை வாதம் நில். 'நில்' எழுதியவளுக்கு டீ வரும். ஏதாவது ஒரு எண்ணை எழுதியவளுக்கு ஜீப் வரும். ஜீப்பிலிருந்து அதிகாரிகள் இறங்குவார்கள். ஏன் வந்தது, எப்படி வந்தது, நீ என்ன பண்ணிக்கொண்டிருந்தாய் என்று கேட்பார்கள், நோயை நாமே இடுப்பில் வைத்துத் தூக்கி வந்து ஊருக்குள் இறக்கிவிட்ட மாதிரி. ரெண்டு தரம் அப்படி வாங்கிக் கட்டிக்கொண்டால் மூன்றாம் தரம் கை தானாக 'நில்' எழுதும். தீபத்துக்கு ஊரே நிரம்பி வழிந்து, அன்னதானத் தொட்டியில் குளோரின் போட்டுப் போட்டு எங்கள் விரல் வெளுத்து, பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்த வாரத்திலும் சில இடங்களிலிருந்து நில் வந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒருவர் மேலும் எனக்குக் கோபம் இல்லை. மாவட்டமே அப்படித்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

அந்த மூச்சை நிறுத்த வந்தவர் தணிகாசலம் டாக்டர். தொண்ணூறுகளின் கடைசியில், போலியோவைத் தேடித் தேடி ஒழிப்பது என்று அரசாங்கம் இறங்கிய சமயத்தில், மாவட்டத் தடுப்பூசி வேலைக்குப் பொறுப்பாக வந்தார். ஒல்லி. குரல் கம்மி. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஜன்னலோரம் நின்று, சட்டைப் பையிலிருந்து வறுத்த வேர்க்கடலையை எடுத்து, ஓட்டை உடைத்து, தோலை ஊதித் தள்ளிவிட்டுத்தான் அடுத்த கேள்வி கேட்பார். அந்த இடைவெளியில் நமக்கு வியர்த்துவிடும். எந்தப் பதிலுக்கும் அவரிடம் ஒரே கேள்விதான்.

"பார்த்தியா, கேட்டியா?"

"விசாரிச்சேன் சார்."

"அப்ப கேட்டே. பார்க்கலை." ஒரு கடலை உடையும். "பூஜ்யம்னா சும்மா இல்லம்மா. போய்ப் பார்த்து, தேடி, இல்லைன்னு தெரிஞ்சாத்தான் அது பூஜ்யம். போகாம போட்டா அது வெறும் வட்டம். கோலப்புள்ளி வைக்கலாம், வேற ஒண்ணுத்துக்கும் ஆகாது."

வியாழக்கிழமை தேடுகிற நாள். நகரத்தில் என் பங்குக்கு விழுந்த இடங்கள்: அரசு மருத்துவமனைக் குழந்தைகள் வார்டு, அதன் பின்னால் பிசியோதெரபி அறை, நாலைந்து தனியார் கிளினிக், போளூர் ரோட்டில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிற ஒரு வைத்தியர். விதி எளிது. நன்றாக இருந்த குழந்தைக்குக் கையோ காலோ திடீரென்று துவண்டு போனால், காரணம் எதுவானாலும், அன்றைக்கே சொல்ல வேண்டும். இது போலியோ, இது இல்லை என்று நாம் முடிவு செய்யக் கூடாது. ஒரு நாள் இடைவெளியில் குழந்தையின் மலம் இரண்டு தரம், ஒவ்வொன்றும் கட்டைவிரல் அளவு, கால் துவண்ட இரண்டு வாரத்துக்குள் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்துச் சென்னைக்கு அனுப்ப வேண்டும். முடிவைச் சோதனைச்சாலை சொல்லும். அறுபதாம் நாள் குழந்தையைத் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும். அத்துடன் கேஸ் முடியும்.

"போலியோ இருக்கா?" என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்பார்கள் என்பதை இரண்டே வாரத்தில் தெரிந்துகொண்டேன். "நேத்து வரைக்கும் ஓடினது இன்னைக்கு நிக்க மாட்டேங்குதுன்னு யாராவது தூக்கிட்டு வந்தாங்களா?" என்று கேட்க வேண்டும். கிளினிக் வாசலில் மருந்துக்கடை வைத்திருந்தவருக்கு என்னைப் பார்த்தாலே சிரிப்பு. "வந்துட்டாங்கய்யா! ஊர்ல நாலு பேரு நல்லா நடந்தா இந்தம்மாவுக்குப் பொறுக்காது." நானும் சிரித்துவிட்டு மொபெட்டைக் கிளப்புவேன். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. உட்காரச் சொல்லாத வேலை. மலையை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருக்கலாம்.

போளூர் ரோட்டு வைத்தியர் கூடத்தில்தான் பவானியை முதலில் பார்த்தேன். நாலு வயசு இருக்கும். முட்டை வெள்ளைக்கருவும் உளுத்தமாவும் காய்ந்து கெட்டியாகி, மூங்கில் தப்பை வைத்து, இடது காலில் இடுப்பு வரை கட்டு. அம்மா சுமதி மடியில் போட்டு விசிறிக்கொண்டிருந்தாள். ஆசிரமப் பகுதியில், வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிற ஒரு விடுதியில் அறை பெருக்குகிறவள். கையிலிருந்து பினாயில் வாசனை இன்னும் போகவில்லை.

"எப்படிம்மா அடிபட்டுது?"

"கீழ விழுந்துட்டா நர்சம்மா."

குழந்தை தலையைத் தூக்கியது. "நான் விழல."

"சும்மா இருடி."

"நான் விழல. தூங்கி எழுந்தேன். கால் வரல."

எனக்குள் ஏதோ விருட்டென்று எழுந்து நின்றது. வைத்தியர் கட்டுத்துணியைச் சுற்றிக்கொண்டே, "போச்சு! என் கிராக்கிய இழுத்துட்டுப் போறதுக்குன்னே வரீங்க நர்சம்மா. போன வாரமும் வெறுங்கையோட அனுப்பினேனேன்னு கோவமா?" என்றார். ஆனாலும் தப்பையை அவரே அவிழ்த்தார். கட்டுக்குள்ளிருந்து வெளியே வந்த கால் ஈரத்துணி மாதிரி மடிந்து கிடந்தது. பாதம் முன்னால் தொங்கியது.

அன்று மதியமே தணிகாசலம் சாரைக் கூட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். விடுதிக்குப் பின்னால் தகரம் போட்ட ஒற்றை அறை. அவர் குழந்தையைக் குப்புறப் படுக்க வைத்து முதுகிலிருந்து பாதம் வரை மெல்லத் தடவிப் பார்த்தார். இடது புட்டத்தில் கை நின்றது. "ஊசி போட்டாங்களாம்மா?"

சுமதி என்னைப் பார்த்தாள். அப்புறம் சுவரைப் பார்த்தாள். "காய்ச்சல்னு ஒரு டாக்டர்கிட்ட போனோம் சார். ஊசி போட்டாரு. மறுநாள் இப்படி. போய்க் கேட்டதுக்கு, 'நான் போட்டதா வெளியில சொல்லாதே, கீழ விழுந்ததுன்னு சொல்லு'ன்னாரு."

வெளியே வந்ததும், "சார், அப்ப ஊசியாலதான். போலியோ இல்ல" என்றேன்.

"தோணுறது வேற, தெரியுறது வேற. ரெண்டு சாம்பிளும் எடு."

எடுப்பதற்குள் பட்ட பாடு பெரிது. சுமதி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு கேட்டாள்: "கக்கூஸ் போனதையா? வெட்டின நகத்தைக் கூட நாங்க கண்டவங்க கையில குடுக்க மாட்டோம். இதை வச்சு இன்னா பண்ணுவீங்க?" சென்னையில் பார்ப்பார்கள் என்றேன். "பார்த்தா கால் வந்துடுமா?" என்றாள். எதனால் வந்தது என்று தெரியும் என்றேன். அது அவள் கேட்டதற்குப் பதில் இல்லை என்று இரண்டு பேருக்குமே தெரிந்தது. இருந்தும் சரி என்றாள். ஆனால் குழந்தை ஒத்துக்கொள்ள வேண்டுமே! பயத்தில் அதற்கு வயிறு இறுகிவிட்டது. ஓர் இடத்தில் உட்காரத் தெரியாத நான், பெட்டியும் கரண்டியுமாக, அந்தத் தகர அறை வாசலில் ஒரு நாலு வயசுக் குழந்தையின் வயிறு இளகுவதற்காக உட்கார்ந்திருந்தேன். வாழைப்பழம் கொடுத்தோம். வெந்நீர் கொடுத்தோம். பெட்டிக்குள் ஐஸ் உருகுகிறது. எழுந்து நடக்கிறேன், வருகிறேன், உட்காருகிறேன். "நர்சம்மா, நீங்க போகலாமே" என்றது குழந்தை. "நீ போனாத்தான் நான் போவேன்" என்றேன். சுமதி அந்த வாரத்தில் சிரித்தது அப்போதுதான்.

இரண்டாவது சாம்பிளும் சேர்ந்ததும் நீல ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சென்னை பஸ் ஏறினேன். "இன்னாம்மா, மீனா?" என்றார் கண்டக்டர். இல்லை என்றேன். "நாத்தம் கீத்தம் வராம பார்த்துக்கோ, பக்கத்துல சாமி கும்புட்டுட்டு வரவங்க உக்காந்திருக்காங்க." திண்டிவனம் வரை மூடியைக் கையால் அழுத்திப் பிடித்தபடியே போனேன்.

நான் திரும்பி வருவதற்குள் இன்னொன்று நடந்துவிட்டது. இதுவும் விதிதான். சாம்பிள் எடுத்த கையோடு, முடிவுக்குக் காத்திராமல், சுற்றியுள்ள தெருக்களில் உள்ள குழந்தைகளுக்கெல்லாம் சொட்டு மருந்து ஊற்ற வேண்டும். குழுக்கள் போயின. ஜீப் போய் விடுதி வாசலிலேயே நின்றது. கதவு கதவாகத் தட்டி, சுவரில் சாக்பீஸால் குறியிட்டார்கள். இந்த வீட்டில் போலியோ என்று எழுத்து எழுத்தாகச் சொன்னால்கூட அந்தத் தெருவுக்கு அவ்வளவு தெளிவாகப் புரிந்திருக்காது. விடுதிக்காரர் அன்று மாலையே சுமதியைக் கூப்பிட்டு, "கொஞ்ச நாளைக்கு வராதேம்மா. ரெண்டு ரூம் காலி பண்ணிட்டாங்க. என் பொழப்பையும் பார்க்கணும்ல" என்று சொல்லிவிட்டார்.

நான் போனபோது சுமதி கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. "கால் போச்சு. இப்ப வேலையும் போச்சு. அடுத்தது இன்னா எடுத்துக்கினு போவீங்க?" என்று சாதாரணமாகக் கேட்டாள், காய்கறிக்காரனிடம் விலை கேட்கிற குரலில். அந்தக் குரலைச் சுமந்துகொண்டு சோதனைச்சாலை முடிவு வரும் வரை ஊரெல்லாம் சுற்றினேன். எந்தத் தெருவுக்குப் போனாலும் என் மொபெட் சுமதி வீட்டுப் பக்கமே திரும்பியது. பாதி வழியில் நானே வேறு பக்கம் திருப்பினேன்.

முடிவு வந்தது. போலியோ இல்லை.

தணிகாசலம் சார் ஒரு கடலையை உடைத்து, "நல்லது" என்றார். அவர் வாயில் அது அபூர்வமான வார்த்தை. அலுவலகமே லேசாயிற்று. நான் அங்கே நிற்காமல் நேராக விடுதிக்காரரிடம் ஓடினேன்.

"போலியோ இல்லைங்க. சென்னையிலிருந்தே சொல்லிட்டாங்க."

"அப்புறம் எதுக்குங்க ஊரையே கூட்டி மருந்து ஊத்தினீங்க?"

"இருக்கக் கூடாதேன்னு ஊத்தினோம்."

"இல்லாததுக்கு மருந்து!" அவர் தலையில் அடித்துக்கொண்டார். "சரி, நாளையிலேர்ந்து வரச் சொல்லுங்க. ஆனா ஒண்ணு, இன்னொரு தபா ஜீப்பு என் வாசல்ல நிக்கக் கூடாது."

சுமதிக்கு வேலை திரும்பக் கிடைத்தது. அந்த மட்டில் எனக்கு மூச்சு வந்தது. நான் போய்ச் சொன்னதும் அவள் மகளைத் திரும்பிப் பார்த்தாள். பவானி சுவரைப் பிடித்து ஒற்றைக் காலில் தத்திக்கொண்டிருந்தாள். இடது பாதம் பின்னால் இழுபட்டு வந்தது. "போலியோ இல்லன்னா அப்ப இது இன்னா?" என்றாள் சுமதி.

"ஊசி நரம்புல பட்டிருக்கு."

"வருமா?"

வரலாம், வராமலும் போகலாம். அதை அவளிடம் சொன்னேன்.

அறுபதாம் நாள் சாரும் நானும் போனோம். ஜீப்பை ரொம்ப தூரத்திலேயே நிறுத்திவிட்டு நடந்தோம். இஞ்ச் டேப்பால் இரண்டு தொடையையும், இரண்டு ஆடுசதையையும் அளந்தார். இடது பக்கம் இளைத்திருந்தது. சுத்தியலால் முட்டிக்குக் கீழே தட்டினார், குதிகாலுக்கு மேலே தட்டினார். நடக்கச் சொன்னார். பவானி சுவரை விட்டாள், இரண்டடி வைத்தாள், பாதம் மடங்கி விழுந்தாள். அழவில்லை. எங்களைப் பார்த்தாள், அவ்வளவுதான். சார் எழுத வேண்டியதை எழுதினார். பலவீனம் இருக்கிறது, போலியோ அல்ல, முடிந்தது.

ஜீப்புக்குத் திரும்பும் வழியில் எனக்குக் கால் நகரவில்லை. "சார், இப்ப இவளை என்ன பண்றது?"

"நம்ம கேஸ் முடிஞ்சுதும்மா."

"கால் முடியலையே சார்."

அவர் பையில் கைவிட்டார். கடலை தீர்ந்துபோயிருந்தது. வெறும் தோலை உதறினார். "பிசியோதெரபிக்கு எழுதித் தரேன். வாரா வாரம் தூக்கிட்டுப் போகணும், வீட்லயும் தினம் செய்யணும். செய்வாங்களா?"

"வீட்ல செய்வா சார். ஆஸ்பத்திரிக்கு வர முடியாது. இப்பத்தான் வேலைக்குச் சேர்த்துக்கிட்டாங்க, லீவு கேட்டா திரும்பவும் போயிடும். புருஷன் பெங்களூர்ல கட்டட வேலை. வியாழக்கிழமை நான் எப்படியும் அந்தப் பிசியோதெரபி ரூமுக்குப் போறேன் இல்ல சார்."

"தேடுற டூட்டியில இருக்கிறப்ப கேஸை வண்டியில ஏத்திக்கிட்டுப் போகக் கூடாது."

"கேஸ்தான் முடிஞ்சுதே சார். வண்டியும் என்னோடது."

நின்றார். மலையைப் பார்த்தார். ஜீப்பில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்ட பிறகு, "நீ கடைசியா சொன்னது என் காதுல விழலை" என்றார். டிரைவரிடம் போகலாம் என்றார்.

அப்படித்தான் வியாழக்கிழமைகளில் என் மொபெட்டின் முன்னால் ஒரு குழந்தை நின்றுகொண்டு வந்தது. ஹேண்டில் கம்பியைப் பிடித்துக்கொள்ளும். நேராகப் பார்த்து ஹார்ன் அடிக்கும். தேவையே இல்லாத இடத்திலெல்லாம் அடிக்கும். பிசியோதெரபி அறையில் மட்டும் அது வேறு பிறவி. பாதத்தை மேலே தள்ளச் சொன்னால் அலறும். ஒரு தரம் என் கையைக் கடித்தது. பாதம் தொங்காமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் தாங்கி செய்து கொடுத்தார்கள். வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னாலும் வந்த பிறகும் சுமதி அந்தக் காலை மடியில் வைத்து நீட்டி மடக்கினாள். மாதங்கள் போயின. ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வியாழனும் சுமதி வாசலில் நிற்பாள், நான் உதட்டைப் பிதுக்குவேன், அவள் குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போவாள். மருந்துக்கடைக்காரர் மட்டும் மாறவில்லை. "தேடித் தேடி ஒண்ணைப் பிடிச்சிட்டாங்கய்யா, விட மாட்டேங்கறாங்க!"

தேடலும் நிற்கவில்லை. பவானியை அந்த அறையில் விட்டுவிட்டு வார்டுக்குப் போவேன், கிளினிக்குகளுக்குப் போவேன், ஒவ்வொரு இடத்திலும் என் கண்ணால் பார்த்துப் பூஜ்யம் போடுவேன். போட்டுவிட்டு ஓடி வருவேன். எதற்கு ஓடுகிறேன் என்று கேட்டால் தெரியாது. நான் நின்றால் அந்தக் காலும் நின்றுவிடும் என்று ஒரு பைத்தியக்கார எண்ணம்.

பிறகு ஒரு காலை சுமதி என்னை உள்ளே கூப்பிட்டாள். "இங்க பாருங்க. நேத்துலேர்ந்து." குழந்தையின் இடது கட்டைவிரலை விரலால் தொட்டாள். கூச்சத்தில் அது மேல்நோக்கி அசைந்தது. ஒரு நெல்லின் உயரம். அவ்வளவுதான். நாங்கள் இரண்டு பேரும் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்தோம். பவானிக்கே சலித்துப்போய், "போதும், விடுங்க" என்று காலை இழுத்துக்கொண்டது. அதுவே இழுத்துக்கொண்டது.

அடுத்த மழைக்காலம் முடிந்த ஒரு வியாழக்கிழமை. மொபெட்டை நிறுத்தி ஹார்ன் அடித்தேன். பவானி வெளியே வந்தது, காலில் தாங்கி, மேலே வெள்ளை சாக்ஸ். முன்னால் ஏறச் சொன்னேன். தலையை ஆட்டியது.

"வண்டி வேணாம்."

"ஏன்டி?"

"நடந்து வரேன்."

"ஆஸ்பத்திரி தூரம்டா கண்ணு."

"டீக்கடை வரைக்கும். அப்புறம் ஏறிக்கறேன்."

சுமதி விடுதி மாடியில் துடைப்பத்தோடு நின்றாள். கைப்பிடிச் சுவரை இறுகப் பிடித்துக்கொண்டாள். குழந்தை செங்கம் ரோட்டு ஓரத்தில் இறங்கி நடக்கத் தொடங்கியது. வலது கால் சத்தமில்லாமல், இடது கால் தட்டென்று. சாய்ந்தது, நிமிர்ந்தது. ஒரு ஆட்டோ ஹார்ன் அடித்தது. நகரவில்லை, அதன் பாட்டுக்கு நடந்தது. அதை விட்டு முன்னால் போய்விடக் கூடாது என்று நான் வண்டியில் ஏறவில்லை. எஞ்சினை அணைத்து, இரண்டு கையாலும் தள்ளிக்கொண்டு பின்னாலேயே போனேன். வண்டியில் ஐஸ் பெட்டியின் கனம் வேறு. எனக்கு மூச்சு வாங்கியது. கண்ணைத் துடைக்கக் கை ஒழியவில்லை.

டீக்கடைக்குக் கொஞ்சம் முன்னால் அது நின்று, இடுப்பில் கைவைத்துத் திரும்பிப் பார்த்தது.

"இன்னா நர்சம்மா, இவ்ளோ மெதுவா வரீங்க?"